அடுப்படி ஜன்னலில் ஒரு தூண்டில் நரம்பு

என் நைனாவுக்கு,

அடுப்படி ஜன்னல் கம்பியில் நீ கட்டிவிட்டுப் போன தூண்டில் நரம்பை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்ட முடியாது. எந்த விலாசத்துக்கு ஒட்டுவது? அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். குறிப்பாக ஒடுகத்தூர்ச் சொந்தக்காரர்கள் படிக்கட்டும். மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் கொல்லைக்கு ஓடினாளாம், காரியத்தன்று சபையைக் காக்க வைத்துவிட்டு ஜன்னலில் போய் நின்றாளாம். அம்மாவைப் பற்றி மலைக்குக் கீழே இப்படிப் பேச்சு. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என் காதுபடவே ஒருத்தர் சொன்னார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இருந்திருந்தால் கைகலப்பாகியிருக்கும். நடந்ததை நடந்தபடி சொல்ல ஓர் ஆள் வேண்டும். பட்டறையில் அளவு பார்ப்பது என் வேலை. கூட்டிச் சொல்லவும் வராது, குறைத்துச் சொல்லவும் வராது.

உனக்குத் தெரிந்ததைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். தெரியாதவர்களுக்காக. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நீ அரசாங்க ஜீப் டிரைவர். மலைக்கு மாற்றலாகி வந்தவன், மலை பிடித்துப்போய் இங்கேயே வீடு கட்டினாய். மாற்றலாகிப் போன ஓர் இன்ஜினியர் விட்டுச் சென்ற பழைய கேமராவை வாங்கி வைத்துக்கொண்டாய். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டுகிற லென்ஸ் அதில் இல்லை. "இதை வெச்சிக்கினு குருவி எடுக்கறதுக்கு, குருவியக் கூப்ட்டு நாற்காலி போட்டு உக்கார வெய்யி" என்று பாலிடெக்னிக் லீவில் வந்தபோது சொன்னேன். நீ சிரித்தாய். அடுத்த லீவில் வந்தால் நிஜமாகவே நாற்காலி போட்டிருந்தாய். குருவிக்கு அல்ல, கேமராவுக்கு.

கொல்லை நாவல் மரத்துக்கு எதிரே ஒரு கம்பம் நட்டு, அதன் மேல் பலகை. பலகையில் கேமரா. மழைக்குக் கிருஷ்ணாயில் டின்னை வெட்டி ஒரு கூரை. கேமராவின் விசையில் நைலான் நரம்பைக் கட்டி, தையல் நூல் சுற்றும் மரக்கட்டைகளை உருளைகளாக்கி, அடுப்படி ஜன்னல் வரை கொண்டுவந்திருந்தாய். பறவை வந்து உட்கார்ந்ததும் ஜன்னலிலிருந்து இழுத்தால் படம். அந்த உருளைகளைப் பார்த்துவிட்டு நான் குறை எதுவும் சொல்லவில்லை. நான் குறை சொல்லாவிட்டால் பாராட்டுகிறேன் என்று அர்த்தம். உனக்கு அது தெரியும்.

ஆனால் ஒன்றை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. பகலெல்லாம் நீ ஜீப்பில் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தாய். அப்படியானால் நரம்பை இழுத்தது யார்? உன் ஆபீசில் எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்து "டிரைவர் எடுத்த படம்" என்று மெச்சினார்களே, அந்த மரங்கொத்தியும், பிள்ளைக்கு இரை ஊட்டுகிற மைனாவும், கேழ்வரகு காய வைத்த முறத்தில் நின்ற புள்ளிப்புறாவும் அடுப்பில் ஒரு கண்ணும் மரத்தில் ஒரு கண்ணுமாக நின்ற அம்மா இழுத்தவை. சாயங்காலம் வந்து ரோலை அடுத்த எண்ணுக்குத் திருப்பி வைப்பதுதான் உன் வேலை. நீ இதை மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வருஷம் நாவல் மரப் பொந்தில் இருவாச்சி வந்தது. பெரிய வளைந்த அலகும் நீண்ட வாலுமாகச் சாம்பல் நிறத்தில் இருக்குமே, அதுதான். பெட்டை பொந்துக்குள் போய் உட்கார்ந்து, மண்ணும் தன் எச்சமும் குழைத்து வாசலைத் தானே பூசி மூடிக்கொண்டது. அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். முட்டை பொரிந்து குஞ்சு வளருகிற வரை அது வெளியே வராது. சேவல்தான் நாள் முழுக்கப் பழமும் பூச்சியும் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும். நீ எனக்கு எழுதிய கடைசிக் கடிதம் முழுக்க இதுதான். கேமராவில் ஒரே ஒரு படம் மீதி இருக்கிறது, அதை அவள் வெளியே வருகிற நேரத்துக்கு வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய்.

அதற்குப் பதில் போடுவதற்குள் தந்தி வந்தது.

கொண்டை ஊசி வளைவில் ஜீப்பை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கும் போட்டுவிட்டுத்தான் ஸ்டியரிங் மேல் சாய்ந்தாயாம். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். உன் உயிர்தான் போயிற்று, வேறு ஒருத்தருக்கும் சிராய்ப்புக்கூட இல்லை. வலி வந்த பிறகும் பிரேக் ஞாபகம் இருந்ததா நைனா? எவ்வளவு நேரம் வலித்தது?

எல்லாம் முடிந்து ஜனங்கள் கலைந்தார்கள். பச்சையம்மா அத்தை மட்டும் தங்கினாள். உன் அக்காளாயிற்றே, பதினாறாம் நாள் காரியம் வரை அவள்தான் வீட்டுக்கு அதிகாரி. அம்மாவை உள்ளறை மூலையில் பாயைப் போட்டு உட்கார வைத்தார்கள். காரியம் முடிகிற வரை அந்த மூலைதான். அடுப்படிக்குப் போகக் கூடாது, கொல்லையில் காலை வைக்கக் கூடாது, விடியும் முன்னே குளித்துவிட்டுத் திரும்ப மூலை. சாப்பாடு தட்டில் போகும். நான் எரிச்சலோடு கேட்டேன். "இது இன்னா அத்த, ஜெயிலா?"

"உங்கப்பன் போனதுக்கு நான் வெச்ச மொறையாடா இது? எங்கம்மா குந்தனா, நான் குந்தனேன். இவ இன்னா வானத்துலேர்ந்து எறங்கினவளா?"

அத்தையும் குந்தியவள்தான். அதனால் தட்டை எடுக்கப் போனேன்.

நான் கஞ்சி கொண்டுபோனபோதெல்லாம் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "வந்துச்சா?" சேவல் இரை கொண்டுவந்ததா என்றுதான். நான் வந்தது என்பேன். "தெரியும், றெக்க சத்தம் கேட்டுச்சி" என்பாள். தெரிந்தும் ஏன் கேட்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அழாமல் இருக்கிறாளே என்றும் இருந்தது.

பிறகு ஒரு காலையில் எதிர்ச் சரிவில் துப்பாக்கி வெடித்தது. மலையில் நாட்டுத் துப்பாக்கி வெடிப்பது புதிதல்ல. பன்றியை விரட்டக்கூட வெடிப்பார்கள். ஆனால் அன்று மத்தியானம் சேவல் வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. மூலையிலிருந்து அம்மா, "சத்தமே கேக்கலடா" என்றாள். மறுநாள் பொழுது ஏறியும் றெக்கைச் சத்தம் இல்லை. பொந்தின் கீறலில் பெட்டையின் அலகு நுனி தெரிந்தது. உள்ளே போகும், திரும்ப வரும். கீச்சென்று ஒரு மெல்லிய குரலும் கேட்டது. குஞ்சு பொரிந்துவிட்டிருந்தது.

எனக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை. உள்ளே மாட்டிக்கொண்ட ஓர் உயிர், வெளியே அடைத்த ஒரு மூடி. மூடியை எடு. ஏணியைச் சாத்தினேன், உளியும் சுத்தியலும் எடுத்தேன். பக்கத்து நிலத்துக்காரர் சின்னப்பையன் வேலி தாண்டி வந்து ஏணியைப் பிடித்தார்.

"இன்னா இஞ்சினீரு, பறவ வூட்டுக்கு ரிப்பேரா?"

"ஒடச்சி வெளிய உட்டுடப் போறேன்."

"உடு உடு. ஏணி கீழே எங்க வூட்டு நாய் ரெண்டும் வந்து குந்திக்கினு கீது பாரு, அதுங்களும் அதத்தான் சொல்லுதுங்க."

கேலி எனக்குப் புரியவில்லை. ஏறினேன். பூச்சு காய்ந்து சிமெண்டுபோல இருந்தது. உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். உள்ளிருந்து அலகு பாய்ந்து வந்து என் கட்டைவிரலைக் கிழித்தது. அந்த ஒரு தட்டுச் சத்தம் மூலைக்குக் கேட்டிருக்கிறது.

"சேகரு! ஒடைக்காதடா!"

அதற்குப் பின் அத்தையின் குரல். "எங்க எழுந்துக்கிற? ஏ சரோஜா, குந்து சொல்றேன். படி தாண்டாத!"

"தள்ளுங்க அண்ணி."

"தாண்டினா தப்புடி. போனவன் பாவம் உன்ன சுத்தும்."

"சுத்தட்டும். அவுரு வந்து சுத்தினா நல்லதுதான். தள்ளுங்க."

அம்மா வந்துவிட்டாள் நைனா. அவிழ்ந்த தலையோடு, அழுக்குச் சேலையோடு, பட்டப்பகலில் கொல்லையில் வந்து நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. மரத்தடியில் குனிந்து எதையோ பொறுக்கினாள். சாம்பல் நிற இறகுகள். நீளமான வால் இறகுகளும் றெக்கை இறகுகளும்.

"இதெல்லாம் யாருதுடா? உள்ள குந்திக்கினு அவ உதுத்தது. இப்ப வெளிய இழுத்துப் போட்டா எத வெச்சிப் பறப்பா?"

நான் கீறலில் கண்ணை வைத்தேன். வெளிச்சம் பழக ஒரு நிமிஷம் ஆயிற்று. அம்மா சொன்னது சரி. வாலே இல்லை. றெக்கையில் பழைய இறகு போன இடத்தில் குருத்து இறகு பாதிக்குப் பாதி வளர்ந்து நின்றது. என் கணக்கில் விட்டுப்போனது அதுதான். மூடியை எடுத்திருந்தால் அந்த உயிர் நேராக நாய் வாயில் விழுந்திருக்கும். உளியைக் கீழே போட்டேன்.

"அப்ப இன்னா பண்ணச் சொல்ற? பட்டினியாக் கெடக்கட்டுமா?"

"துன்றதுக்குக் குடு. றெக்க வளந்தா அவளா ஒடச்சிக்கினு வருவா."

சரி, குடுப்பது என்றால் அது என் துறை. சின்னப்பையன் புளி உலுக்குகிற மூங்கில் கழியைக் கொண்டுவந்தார். நுனியைப் பிளந்து, இடையில் ஒரு சில்லு வைத்துக் கவ்வுபோல் ஆக்கினேன். அதில் ஓர் ஆலம்பழம். ஏணி வேண்டாம், கீழிருந்தே நீட்டலாம். நீட்டினேன். அலகு உள்ளே போய்விட்டது. கையைத் தாழ்த்தி மறுபடி நீட்டினேன். வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே கீச்சென்ற குரலும் நின்றிருந்தது. எனக்குப் பொறுமை போய், கீறலில் பழத்தைத் திணிக்கப் பார்த்தேன்.

அம்மா கழியைப் பிடுங்கினாள். "அவுரு வந்தா மொதல்ல கெளையில அலக தேச்சி சத்தம் குடுப்பாரு. அப்புறம்தான் அவ மூக்க நீட்டுவா." அவள் சேவலை அவர் என்றுதான் சொல்வாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். கழி நுனியைப் பட்டையில் மெதுவாக உரசினாள். நின்றாள். மறுபடி உரசினாள்.  திட்டிக்கொண்டே வாசற்படி வரை வந்த அத்தையும் பொந்தைத்தான் பார்த்தாள்.

அலகு வந்தது. பழத்தைத் தொட்டுப் பார்த்தது. போய்விட்டது. திரும்ப வந்து, பிடுங்கிக்கொண்டது.

"அடேங்கப்பா!" என்றார் சின்னப்பையன். "இந்தக் கூத்தப் போட்டோ புடிப்பா!"

"அந்த ஒரு படத்தத் தொடக்கூடாது" என்றோம் அம்மாவும் நானும். ஒரே நேரத்தில்.

அன்றிலிருந்து அம்மா மூலைக்குத் திரும்பவில்லை. விடிந்தால் கொல்லை, இருட்டினால் உள்ளே. நான் ஆலம்பழமும் அத்திப்பழமும் பறித்து வருவேன். வெட்டுக்கிளியும் ஓணானும் சின்னப்பையன் பொறுப்பு. அத்தை அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான். "உங்கம்மாவ வந்து சாப்புடச் சொல்லு." "உங்கம்மா பண்றது ஊரு சிரிக்குதுன்னு சொல்லு." ஒரு நாள் அதே குரலில், "கூடையில பழம் தீந்துபோச்சின்னு சொல்லு" என்றாள். அதையும் போய்ச் சொன்னேன்.

சேவல் திரும்பவே இல்லை. யார் சுட்டது, எதற்குச் சுட்டது, சுட்டது அதைத்தானா? எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்தேன், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. உனக்குத் தெரியுமா?

காரியத்தன்று விடிந்ததும் ஒடுகத்தூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் ஜனம் வந்து இறங்கியது. என்ன சடங்கு என்று உனக்குத் தெரியும். தலை நிறையப் பூ வைத்து, மஞ்சள் பூசி, இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கி, கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் எடுப்பார்கள். இது வேண்டாம் என்று முதல் நாளே சத்தம் போட்டேன். அம்மாதான் அடக்கினாள். "அது என் வேல. நீ பழத்தப் பாரு." ஏன் அப்படிச் சொன்னாள்? எனக்கு இன்றைக்கும் சம்மதமில்லை.

கூடத்தில் மனைப்பலகையில் அம்மாவை உட்கார வைத்திருந்தார்கள். பூ வைத்தாயிற்று, வளையல் போட்டாயிற்று. சொம்பும் மஞ்சள் தண்ணீரும் தயார். வெயில் நாவல் மரத்தில் இறங்கியிருந்தது. அப்போதுதான் கொல்லையிலிருந்து அந்தச் சத்தம். டொக். டொக். நிறுத்தி, மறுபடி டொக்.

அம்மா தலையைத் தூக்கினாள். நான் அவளைப் பார்த்தேன். சத்தம் இந்த முறை பொந்துக்கு உள்ளிருந்து வந்தது.

"நேரம் தப்புது. அசையாத" என்றாள் அத்தை.

அம்மா எழுந்தாள். அத்தனை பேர் நடுவிலும் நடந்து அடுப்படிக்குப் போனாள். ஜன்னல் கம்பியிலிருந்த நரம்பை விரலில் சுற்றிக்கொண்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். பூச்சு உடைந்து துண்டு துண்டாக விழுந்துகொண்டிருந்தது. அலகு தெரிந்தது. தலை தெரிந்தது.

"இழும்மா."

"இரு."

ஒரு றெக்கை வெளியே வந்தது. உடம்பு பாதியில் மாட்டிக்கொண்டது. முண்டியது, நின்றது, முண்டியது. கீழே நாய் இரண்டும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. கூடத்தில் அத்தை என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இழு, இதான் நேரம். அப்புறம் கேமராவுக்கு அந்தாண்ட போயிடும்!"

"விசைச் சத்தத்துல பயந்து கீழ உழுந்துட்டா? மொதல்ல அவ காலு கெளையப் புடிக்கட்டும்."

இன்னொரு கையால் தன் வளையல்களை இறுக்கிப் பிடித்திருந்தாள், அவை குலுங்கக் கூடாது என்று. அதை நான் மறக்கப் போவதில்லை.

பறவை பொந்திலிருந்து விழுந்தமாதிரிதான் வந்தது. றெக்கையை அடித்து, தவறி, கீழ்க்கிளையில் ஒரு கால், பிறகு இரண்டு கால். ஆடியது. நின்றது. வெயிலில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, குட்டையாக முளைத்த வாலோடு நம் வீட்டைத் திரும்பிப் பார்த்தது. கேமராவுக்கு எதிரே அது நின்றதா, ஓரமாக நின்றதா, நான் பார்த்த கோணத்தில் தெரியவில்லை.

அம்மா இழுத்தாள். அந்தச் சின்ன 'க்ளிக்' சத்தம் அடுப்படி வரை கேட்டது. 

பறவை எழும்பி வேலிக்கு அப்பால் புளியமரத்துக்குப் போயிற்று. தாழ்வாகத்தான் பறந்தது. ஆனால் பறந்தது. அம்மா நரம்பை அவிழ்க்காமல் விரலிலிருந்து மட்டும் எடுத்தாள். கூடத்துக்கு வந்து மனையில் உட்கார்ந்தாள்.

"ம். இப்பப் பண்ணுங்க அண்ணி."

அத்தைக்கு உடனே கை வரவில்லை. வேறு யாரோதான் ஆரம்பித்தார்கள். நான் கொல்லைக்குப் போய்விட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். சபையைக் காக்க வைத்தாள் என்கிறார்களே, அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்று யாராவது கேட்டார்களா? சாவு வீட்டிலிருந்து போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பது முறை. பச்சையம்மா அத்தைக்கு அந்த முறை வசதியாகப் போயிற்று. ஆனால் பஸ் ஏறுமுன் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனாள். அதையும் எழுதிவிடுகிறேன். அளவு என்றால் இரண்டு பக்கமும் அளக்க வேண்டும்.

பெட்டை இப்போது தானே இரை தேடுகிறது. குஞ்சுகள் உள்ளே வாசலைத் திரும்பப் பூசிக்கொண்டிருக்கின்றன. இவள் கிளையில் அலகைத் தேய்த்துச் சத்தம் கொடுத்த பிறகுதான் அவை வாய் திறக்கின்றன. எங்கள் கழிக்கு வேலை இல்லை.

ரோலைச் சுற்றி எடுத்து, ஒட்டும் தாளை நக்கி ஒட்டி, கறுப்புத் துணியில் வைத்திருக்கிறேன். நானே வேலூருக்குப் போய் ஒரே நாளில் கழுவி வாங்கி வந்துவிடலாம். இதுவரை பொறுத்ததே எனக்குப் பெரிய காரியம். ஆனால் அம்மா ஒரு வருஷம் மலையிறங்கக் கூடாதாம், எதிரே வரக் கூடாதாம், பஸ்ஸில் முன்னால் உட்காரக் கூடாதாம்.

ஆகவே நைனா, உனக்கு இந்த ஒரு வாக்குத் தருகிறேன். இந்த வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் அம்மா வருகிறாள். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார வைப்பேன், நீ பிரேக் போட்ட வளைவு அவளுக்கு நன்றாகத் தெரியட்டும். ஸ்டுடியோவில் ரோலை அவள்தான் நீட்டுவாள். யார் எடுத்த படம் என்று கேட்டால் அவள்தான் பதில் சொல்வாள். கடைசிப் படம் ஓரமாகப் போயிருந்தாலும், வெறும் கிளை மட்டும் விழுந்திருந்தாலும், அதைத்தான் கண்ணாடி போட்டு உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவேன்.

உன் கேமராவுக்கும் சரோஜாவுக்கும் இனி ரோல் திருப்பி வைக்கப் போகிற,
உன் மகன் சேகர்